நீர்யானைக் குட்டை அருகே எடுத்த படம்

செக்காலை, காரைக்குடி
23 நவம்பர் 2024

ஜான் பீட்டருக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நலம், என் இரண்டு கால்களும் நலம். டப்ளினில் நீயும் ஷீலாவும் கீர்த்தியும் நலம் என்றே நினைக்கிறேன், அடுத்தவர் கால்களைப் பற்றிக் கவலைப்பட உனக்கு இவ்வளவு நேரம் கிடைக்கிறதே.

போன சனிக்கிழமை உன் மைத்துனன் ஞானசேகர் என்னை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனான். அதற்காகப் பல்லவன் ரயிலில் தனியாகப் போய், பெட்டியை நானே தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் இறங்கினேன். பூங்காவைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய இடம், காடு மாதிரி மரங்கள், நல்ல துப்புரவு. வெள்ளைப் புலிக்காக அரைமணி நேரம் நின்று வாலை மட்டும் பார்த்தோம். பேட்டரி கார்ல ஏறுங்க அத்தை என்று கெஞ்சினான், நடக்கத்தான் வந்தேன் என்றேன். அப்படியும் ஒரு சக்கர நாற்காலியை வாங்கிக் காலியாகவே என் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தான். யாருக்கு இது என்று கேட்டால் பையை வைக்க என்றான். அவன் பையும் தண்ணீர் பாட்டிலும் தேரில் வரும் சுரூபம் மாதிரி பவனி வந்தன. நீர்யானைக் குட்டை அருகே என் செருப்புக்குள் கல் புகுந்தது, பெஞ்சு எதுவும் காலியில்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். குனிந்து கல்லைத் தட்டிய நேரத்தில் படம் எடுத்துவிட்டான். எழுந்து மிச்சத்தையும் நடந்தே முடித்தேன். வாசலுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது அவனுக்கு.

பிறகு சாப்பிடப் போவதாகச் சொல்லிப் பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்புக்குள் காரை விட்டான். வாங்க மேடம், உங்க ரூம் ரெடி என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை நீட்டினாள். முழுக்க உன் கையெழுத்து. நடமாட்டம் என்ற இடத்தில் ‘சக்கர நாற்காலி மட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். கீழ்த்தளத்து அறைகள் நடக்க முடியாதவர்களுக்கே என்று அவள் விளக்கினாள். ஒரு கீழ்த்தளத்து அறைக்காகவா என் கால்களை எடுத்தாய்? தேதி நவம்பர் 4. நாங்கள் பூங்காவுக்குப் போனது 16. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவள் நான், விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கை அப்புறம் போடுகிறவனை எனக்குத் தெரியாதா?

அது போதாதென்று படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாய். நான் திரும்பி வந்ததும் எதிர் வீட்டுப் பாண்டீஸ்வரி வாசலிலேயே மறித்து, என்ன டீச்சர், கால் விளங்காமப் போச்சுன்னு தம்பி படம் அனுப்பிருக்காக, நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்துல்ல வாரீக என்று சிரித்தாள். உன்னைப் பெற்ற நான் அவள் முன்னால் என்ன பதில் சொல்வது?

அந்த விண்ணப்பத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். நடமாட்டம், ‘நடக்கிறார்’. என் பிறந்த நாள் மார்ச் 9, நீ எழுதிய 6 அல்ல. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் உன் பெயரை அடித்துப் பாண்டீஸ்வரி பெயரை எழுதியிருக்கிறேன். நீ வந்து சேர இரண்டு நாள் ஆகும், அவளுக்கு இரண்டு நிமிடம். ‘சம்மதம்’ என்ற இடம் காலியாக இருக்கிறது, அது அப்படியே இருக்கும். அறை வேண்டாம் என்று இந்த வாரமே அவர்களுக்கு எழுது. படம் யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம் செருப்பில் கல் என்று நீயே எழுது.

ஞானசேகரை ஷீலா திட்ட வேண்டாம், சொன்னதைச் செய்தான், சாப்பாடும் வாங்கித் தந்தான். கீர்த்திக்குச் சளி என்று அவன் சொன்னான், அது விடும்வரை அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவள் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. உனக்கு இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து என் முன்னால் குனிந்து நில், உனக்கும் சிலுவை போடுகிறேன். வரும் ரயிலை மட்டும் சொல், ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறேன்.

உன் அம்மா,
ஞானபூரணி