வாயாடிக்கு ஒரு காது

என் கோபக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம்தான். நீ எங்கே கேட்கப் போகிறாய், அதனால் நானே சொல்லிவிட்டேன். எத்தனை தடவை போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. போன வாரம் உன் மனைவி எடுத்து, அவர் குளிக்கிறார் அண்ணி என்றாள். பின்னால் நீ செருமுவதும் டிவியில் செய்தி ஓடுவதும் எனக்கு நன்றாகவே கேட்டது. குளியலறையிலேயே டிவி மாட்டிவிட்டாய் போலிருக்கிறது! பாவம், அவளை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய்? கடிதம் என்றால் பாதியில் துண்டிக்க முடியாது. முழுதாகப் படி.

காது இப்போதைக்கு ஆகாது என்று நான் சொன்னதற்கு, "காதோட வர்றதா இருந்தா வா, இல்லன்னா அங்கேயே இரு" என்று நீ அனுப்பியதை ஆய்வகத்து கேன்டீனில் வைத்துப் படித்தேன். முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. உன்மேல் மட்டும் தப்புச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் செய்து முயலின் முதுகில் வைத்த முதல் காது பிடித்துக்கொண்டதும் தலைகால் புரியாமல் உனக்குப் போன் போட்டுக் கத்தியது நான்தானே. நீ உன் மகளிடம் சொன்னாய். அந்த வாயாடி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பிறக்கும்போதே எனக்கு இல்லாத இடது காதை அத்தை கொண்டு வரப் போகிறாள் என்று.

அது எப்படிப்பட்ட காது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. உன் தொடையில் ஒரு தடவை தையல் போட்டார்களே, பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தானாகக் கரைந்துபோனது. ஞாபகம் இருக்கிறதா? அதே வகைப் பாலிமர்தான். அதில் காது வடிவத்தில் ஒரு சட்டம் செய்து, குருத்தெலும்பு செல்களை அதன்மேல் வளர விடுகிறோம். உடம்பின் ஈரம் பட்டுச் சட்டம் மெல்ல மெல்லக் கரைய வேண்டும். அதே நேரத்தில் செல்கள் வளர்ந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். சட்டம் அவசரப்பட்டால் காது சரிந்துவிடும். சோம்பேறித்தனம் செய்தால் உள்ளே புண்ணாகும்.

அடுத்ததாக வைத்த காதுகள் அத்தனையும் சரிந்துவிட்டன. தடவிப் பார்த்தால் ஒவ்வொரு முயலின் தோலுக்கடியிலும் ஒரு கட்டிதான் இருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பாய். பாலிமர் பொட்டலத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்தால், குளிர் முழுக்கப் போகும்வரை மேஜையில் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் காற்றிலிருக்கும் ஈரம் பொடியில் படிந்து, அச்சில் போடுவதற்கு முன்பே அது உடையத் தொடங்கிவிடும், சட்டமும் சீக்கிரமே கரைந்துவிடும். என்னோடு வேலை செய்கிறவர் ஒருத்தர் இருக்கிறார். கொஞ்சமும் பொறுமை இல்லாததால் நாங்கள் அவரைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் உடனே பிரித்துவிட்டார். பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று அவரை விரட்டியது யார் தெரியுமா? உன் அக்கா. லீவில் ஊருக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

அதான் காரணம் தெரிஞ்சுபோச்சே, சரி பண்ணி எடுத்துட்டு வா என்பாய். முடியாதடா. முயலுக்கு நின்றது குழந்தைக்கு நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் பல வருடங்கள் ஆகும். எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ போடுவாய். எனக்குத்தான் கை வராது. என் அவசரத்தில் முயல்களின் முதுகு வீணானதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் ஊர் சர்ஜனிடம் நான் பேசினேன். மனுஷர் தங்கமானவர். விலா எலும்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பை எடுத்துச் செதுக்கிக் காது செய்வது அவருக்குக் கைவந்த கலை. குழந்தைக்கும் அதற்கான வயது வந்துவிட்டதாம். நீதான், எங்கக்கா செய்றா, எம்பொண்ணு நெஞ்சுல கத்தி வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாயாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நெஞ்சில் வலிக்கும்தான், தழும்பும் இருக்கும். ஆனால் அந்தக் காது கரையாது, சரியாது. நான் இத்தனை வருடமாகச் செய்யப் பார்ப்பதை அவர் இன்றைக்கே செய்துவிடுவார். என் பெயரைச் சொல்லி அதைத் தள்ளிப் போடாதே.

உனக்குத் தெரியாமல் வாயாடி என்னோடு பேசினாள். திட்டாதே, நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகவே சரிகிறதாம். கயிறு கட்டினால் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். முயல் காது சரிந்த கதையை அவளிடமும் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவளோ, "கண்ணாடி நிக்கணும், அவ்ளோதான் அத்தை. யாரு செஞ்ச காதுன்னு கண்ணாடிக்குத் தெரியவா போகுது?" என்றாள். போனை வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்று மறுநாள் கேட்டால், அப்பா பாவம் அத்தை, ரொம்ப ஆசையா இருக்காரு என்கிறாள்.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடு. உன் மனைவியிடம் எரிந்து விழாதே. சர்ஜனிடம் போய்த் தேதி வாங்கு. நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு.

நான் வெறுங்கையோடுதான் வருவேன். ஆபரேஷன் நடக்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பாயே, அப்போது என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து நாற்காலியில் மட்டும் வேறு யாரையும் உட்கார வைத்துவிடாதே.

உன் அக்கா