பொட்டு வைத்த அட்டை

3 ஜூன் 1957, திங்கள்

இன்று எண்ணியே பார்த்துவிட்டேன். கம்ப்ரெசரின் அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் அது தானாக நிற்க வேண்டும் என்ற ஒரே விஷயம், எங்கள் ஐஸ் ஆலையில் ஐந்து இடங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆபீசில் பெரிய பதிவேடு. இயந்திர அறைச் சுவரில் ஆணியில் தொங்கும் அட்டை. இயந்திரம் ஓட்டும் சுப்பையனின் சட்டைப்பை நோட்டு. கதவின் உட்புறம் சாக்பீஸ் கிறுக்கல். போன வருடக் காலண்டரின் முதுகு. ஐந்தில் இரண்டுதான் ஒத்துப்போகின்றன. மற்றதையெல்லாம் யார் எழுதியது என்று கேட்டால் ஆளாளுக்குக் கூரையைப் பார்க்கிறார்கள்.

வெள்ளைக்கார இஞ்சினியர் துரை இந்த மாதக் கடைசியில் சீமைக்குக் கப்பலேறுகிறார். பதினோரு வருடமாக எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இப்போது அந்தத் தலை ஊருக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒரே அளவாக எழுதிவைக்கும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார். டைப்பிஸ்டாக வந்தவள் நான். பெருமையாகத்தான் இருக்கிறது. ஒளிப்பானேன்?

11 ஜூன், செவ்வாய்

குழாய்களைத் தட்டிப் பார்த்தார்கள். அம்மோனியா போகும் குழாய் துரு அரித்து மெலிந்துபோயிருக்கிறதாம். சிங்கப்பூரிலிருந்து புதுக் குழாய் வரும்வரை இருநூறு பவுண்டு அழுத்தம் கூடாது, நூற்றறுபதுதான் என்று துரை எழுதிக் கொடுத்தார். இயந்திரத்தை நிறுத்தும் விசையையும் அவரே நூற்றறுபதுக்குத் திருகி வைத்தார். பதிவேட்டில் திருத்தினேன். சுவருக்குப் புது அட்டை: மேலே ஆங்கிலத்தில் டைப் அடித்தது, கீழே என் கையால் தமிழ்.

19 ஜூன், புதன்

காலண்டரைக் கிழித்தாயிற்று. கதவை ஈரத்துணியால் துடைத்தாயிற்று. சுப்பையன் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிய்க்க ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. மிஞ்சியது, இருநூறு என்றிருக்கும் பழைய சுவர் அட்டை. அங்கேதான் தகராறு.

போன ஆயுத பூஜையில் கம்ப்ரெசருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, அந்த அட்டைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் ஆணியிலிருந்து கழற்றப் போனேன். சுப்பையன் குறுக்கே வந்துவிட்டார்.

"பூசையில வச்சதும்மா. பொட்டு வச்சதக் கிழிச்சுக் குப்பையில போட்டா நல்லாவா இருக்கும்? அடுத்த பூசை வரட்டும். புதுசுக்குப் பொட்டு வச்சிட்டு, பழச நானே கடல்ல விட்டுர்றேன் லா."

"ஒரே சுவத்துல ரெண்டு அட்டை இருந்தா யாரு எதைப் பாக்கிறது?"

"நான் இருக்கேன்ல? எனக்குத் தெரியாதா?"

பூஜைக்கு நாலு மாதம்கூட இல்லை. புது அட்டையைப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன். துரைக்குப் பதிவேட்டை முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. "பழைய பிரதிகள் யாவும் அகற்றப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானும் குங்குமத்துக்குப் பயப்படுகிறவள்தான்.

8 ஜூலை, திங்கள்

துரை போய்ப் பத்து நாளாகிறது. தனபாலனை ஐஸ் கட்டி அறையிலிருந்து இயந்திர அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்த வம்சம்; எங்கள் காஜா பெராங் தெருவிலேயே வீடு. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். ஆங்கிலமும் தமிழும் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். சுப்பையன் வேலை பழக்குகிறார். அளவு காட்டும் கண்ணாடியைத் தனபாலன் ஒரு நாளைக்கு நாலு தரம் துடைக்கிறார். இப்படி ஒருவர் முன்பே வந்திருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

21 ஆகஸ்ட், புதன்

மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு ஊரே ஐஸ் கேட்கிறது. கம்ப்ரெசருக்கு ஓய்வே இல்லை. அழுத்தம் ஏறி அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. நிற்கும்போதெல்லாம் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராஜரத்தினம் ஆபீசிலிருந்தே கத்துகிறார். துரை போனபின் அவர்தான் எல்லாம்.

29 ஆகஸ்ட், வியாழன்

குழாய் வெடித்துவிட்டது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் — பிறகு அந்த நாற்றம், கண்ணைத் திறக்க முடியவில்லை, வெளியே ஓடினோம். உள்ளே தனபாலன் மட்டும்தான். சுப்பையனுக்கு இன்று விடுமுறை.

ஐஸ் கட்டி தூக்கும் பொன்னுதுரை ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். தனபாலனை இழுத்து வந்து போட்டார். "வால்வ அடைச்சிட்டு வர்றேன்" என்று மறுபடி போனார். போனவரைப் பிறகு நாலு பேர் தூக்கித்தான் வந்தார்கள்.

நாற்றம் அடங்கியபின் போய்ப் பார்த்தார்களாம். விசை இருநூறில் நிற்கிறதாம். இருநூறு எப்படி வந்தது?

30 ஆகஸ்ட், வெள்ளி

பொன்னுதுரை காலையில் இறந்துவிட்டார். அவர் மனைவி விஜயா, ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் புரண்டு அழுதாள். என்னாலும் தாங்க முடியவில்லை, அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ராஜரத்தினம் என்னை இயந்திர அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "இந்தா பாருங்க, அட்டையில நூத்தறுவதுன்னு கொட்டை எழுத்துல இருக்கு. அதப் பாத்துக்கிட்டே இருநூறுக்குத் திருகியிருக்கான். இதுக்கு மேல என்ன விசாரணை?"

புது அட்டை மட்டும் தொங்கியது. பக்கத்து ஆணியில் ஒன்றுமில்லை. நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

31 ஆகஸ்ட், சனி

நாடு விடுதலை அடைந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

தனபாலனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி அன்னம்மா. கிராணியம்மாவிடம், அதாவது என்னிடம், சொல்ல வேண்டும் என்று தனபாலன்தான் கூப்பிட்டனுப்பினாராம். மெல்ல மெல்ல, மலாயில் சொன்னார். இயந்திரம் நின்று நின்று போனது. விசையைப் பார்த்தார், நூற்றறுபதில் இருந்தது. அட்டையைப் பார்த்தார், இருநூறு என்றிருந்தது. யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சரிசெய்தார். சரிசெய்தாராம்!

"ரெண்டு அட்டை இருந்ததே?" என்றேன்.

"யாங் அடா பொட்டு," என்றார். பொட்டு இருக்கிற அட்டை. அதுதான் பெரிய அட்டை, அதைப் பார்த்தே செய் என்று முதல் நாளே சுப்பையன் சொல்லிக்கொடுத்தாராம். அளவு குறைந்ததை மட்டும் சொல்லவில்லையாம்.

வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் புதுக் கொடியோடு கத்திக்கொண்டு போனார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

2 செப்டம்பர், திங்கள்

சுப்பையன் என் வீட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். வெடித்த அன்று சேதி கேட்டு ஓடிவந்தவர், யாரும் பார்க்குமுன் பொட்டு வைத்த அட்டையைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்.

"என் கையால விட மனசு வரல. நீங்களே கடல்ல விட்ருங்கம்மா. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

எனக்கு மட்டும் யாருமில்லையா? தங்கை மல்லிகாவுக்கு டீச்சர் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பொட்டலத்தைப் புடவைப் பெட்டியின் அடியில் வைத்தேன். கிளேபாங் கடல் மூன்று மைல்தான். போகவில்லை. 

16 செப்டம்பர், திங்கள்

குடியுரிமை மனுவோடு சேர்க்க, நான் இங்கே வேலை பார்க்கிறேன், நன்னடத்தை உள்ளவள் என்று கம்பெனிக் கடிதம் கேட்டிருந்தேன். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று வயதில் கப்பலேறியவள். ராஜரத்தினம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விசாரணை முடியட்டும். அப்புறம் தாராளமா எழுதித் தர்றேன்."

23 செப்டம்பர், திங்கள்

விசாரணை. அதிகாரி பதிவேட்டை என் முன்னால் விரித்துவைத்தார். என் எழுத்து, என் கையெழுத்து. "சம்பவத்தன்று சுவரில் பழைய அட்டை இருந்ததா?"

சுப்பையன் எனக்கு முன்பே வந்து, அப்படி ஒன்று இருக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராஜரத்தினம் ஜன்னலோரம் நின்றார்.

"இல்லை" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

24 செப்டம்பர்

ராஜரத்தினம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

10 நவம்பர், ஞாயிறு

தனபாலன் வீடு திரும்பிவிட்டார். இரண்டு கண்ணும் போய்விட்டது. அறிக்கையும் வந்துவிட்டது: சுவரில் இருந்த உத்தரவை மீறி அழுத்தத்தை உயர்த்திய ஊழியரின் கவனக்குறைவு.

காலையில் விஜயா அவர் வீட்டு முன்னால் நின்று கத்தினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. "ஒன்னத் தூக்க வந்துதானேடா எம் புருசன் செத்தான்! ஒருத்தன் உசுர வாங்கிட்டு நீ ஒக்காந்து சோறு திங்கிறியா?" தனபாலனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. புரியாமலா இருக்கும்? குரல் வந்த பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்னம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். சே, என்ன பிறவி நான்.

2 டிசம்பர்

ஆலையில் இப்போது ஒரே அட்டைதான். ராஜரத்தினம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். 

5 ஜனவரி 1958, ஞாயிறு

போய்விட்டேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனபாலன் வீட்டுக்குப் போனேன். அன்னம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டுச் சொல்ல முடியாது என்று குடிக்காமலே சொன்னேன். அட்டை இருந்தது. நான்தான் எடுக்காமல் விட்டேன். எடுத்ததாகப் பொய் எழுதினேன். விசாரணையிலும் பொய் சொன்னேன்.

"அடா?" என்றார் தனபாலன். இருந்ததா?

"அடா" என்றேன்.

மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து, சந்தனம் காய்ந்து தடித்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

நாலு மாதமாக எல்லோரும் அப்படி ஓர் அட்டையே கிடையாது என்கிறார்கள் என்றார். கண்ணோடு சேர்த்துப் புத்தியும் போய்விட்டது, இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டுப் பொன்னுதுரையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். பூஜை அறைக்குள் போகவே பயமாக இருந்தது என்றார். பிறகு அழுதார். கோபப்பட்டிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் தேவலை, ஐயோ, அவர் எனக்கு நன்றி சொன்னார்!

அன்னம்மா நன்றி சொல்லவில்லை. வாசல்வரை வந்து, மலாயில் நிதானமாகச் சொன்னார். "சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல். அதற்கு முன்னால் இந்தப் படியை மிதிக்காதே."

13 ஜனவரி, திங்கள்

அதிகாரியின் மேஜைமேல் அட்டையை வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சுப்பையன் பெயரைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை, சொன்னேன்.

"அன்றைக்கு ஏன் இல்லை என்றீர்கள்?"

"பயம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சேதி எனக்கு முன்னால் ஆலைக்குப் போய்விட்டது. ராஜரத்தினம் கத்தவில்லை. "இப்ப என்ன சாதிச்சிட்டீங்க? அவன் கண்ணு திரும்பி வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

20 ஜனவரி

வேலை போயிற்று. குடியுரிமைக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிவிட்டார்களாம். சுப்பையனுக்கும் வேலை இல்லை. அவர் மனைவி காய்கறிப் பாசாரில் என்னைப் பார்த்ததும் வேறு கடைப் பக்கம் திரும்பி நடந்தாள். மல்லிகாவுக்கு இன்னும் எழுதவில்லை.

16 மார்ச், ஞாயிறு

அறிக்கையைத் திருத்திவிட்டார்கள். தனபாலன்மேல் குற்றமில்லை. பழைய அட்டையை அகற்றாமல், அகற்றியதாகப் பதிவேட்டில் எழுதிய கிராணி என்று என் பெயர் இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பத்து மணிவாக்கில் விஜயா தனபாலன் வீட்டுக்குப் போனாள். படியேறத் தயங்கி நின்றாள். அன்னம்மா கதவைத் திறந்து கூட்டிப்போனார். வெகுநேரம் உள்ளே இருந்தாள். அழுகை கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது என் வாசலில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவளும் வருவதாக இல்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கணும்க்கா" என்றாள். "அத அந்த ஆணியிலேர்ந்து கழட்ட எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது" என்றேன்.

சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு நடந்து போனாள்.