இருவரும் இறங்கிய வரப்பு

வலங்கைமான் பேருந்தின் ஜன்னல் வழியே, பறித்த நாற்றின் பச்சை மணம் வந்தது. வெளியே ஒரு வரப்பில் இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தார்கள். தலையில் நாற்றுக்கட்டு வைத்திருந்தவள் நேராக நடந்தாள். வெறுங்கையோடு வந்தவள் சேற்றில் ஒரு காலை இறக்கி, அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்து வழிவிட்டாள். என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நீ போய் ஒன்பது மாதம் கழித்து, இன்றுதான் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

இதைத்தானே நீ ஆட்டமாக்கினாய்? தஞ்சாவூரில் நம் விடுதி மொட்டை மாடியில், ஓரடி இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு இழுத்து, "இதான் வரப்பு. ஆட்டத்துக்குப் பேரு வரப்பாட்டம்" என்றாய். இரு முனைகளிலிருந்தும் இருவர் நடந்து வரவேண்டும். மூன்றாம் அடியில் கண்ணாலேயே முடிவு செய்ய வேண்டும், யார் சுமை, யார் வெறுங்கை என்று. சுமைக்காரி கைகளைத் தலைக்கு மேல் தூக்குவாள். மற்றவள் ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்து, அவள் இடுப்பைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் அனுப்புவாள். திரும்பி வரும்போது முறை மாறும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சாப்பாட்டுத் தட்டுகளின் தாளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் ஆடுவோம்.

எனக்கு மட்டும் அந்த மூன்றாம் அடி வரவே வராது. எதற்கும் பயந்தவள், முந்திக்கொண்டு இறங்கிவிடுவேன். அதே நேரம் நீயும் எனக்காக இறங்கியிருப்பாய். "ரெண்டும் சேத்துல!" என்று சுற்றி நின்றவர்கள் கத்துவார்கள். நீ முறைப்பாய்.

"ரெண்டு பேரும் எறங்கிட்டா வரப்புல யாருடி நடக்குறது, நண்டா?"

அதற்குப் பிறகும் நாம் அதையேதான் செய்தோம். உனக்கு ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தபோது எனக்கு எட்டாம் மாதம். பார்க்க வருகிறேன் என்றேன். "வயித்துப் புள்ளையோட ஆஸ்பத்திரிக்கெல்லாம் வராதடி. நானே வந்து புள்ளையப் பாக்குறேன்" என்றாய். குழந்தை பிறந்ததும் நீ கிளம்பினாய். "ஒடம்ப அலட்டிக்காத, நான் தூக்கிட்டு வரேன்" என்று தடுத்தேன். உன்னை அலையவிடக் கூடாது என்று நினைத்தது உண்மை. பச்சைக்குழந்தைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்ததும் உண்மை. இரண்டாவதை உன்னிடம் சொல்லவில்லை. தடுப்பூசி என்றேன், சளி என்றேன், அடுத்த வாரம் என்றேன். "பரவால்லடி, மெதுவா வா" என்று ஒவ்வொரு முறையும் நீ ஒதுங்கிக்கொண்டாய்.

பிறகு ஒரு காலையில் உன் எண்ணிலிருந்து உன் அப்பா பேசினார்.

இன்று உன் அம்மா வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார் என நினைத்து, பதிலை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்தார்.

"இவ பொறந்த அன்னிக்கே அவ வாங்கி வச்சிட்டா. தானே போட்டுப் பாக்கணும்னு யாருகிட்டயும் குடுத்தனுப்ப விடல."

குழந்தையின் மேல் வைத்துப் பார்த்தார். தொப்புள்வரைகூட வரவில்லை.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா சரியா இருந்திருக்கும்மா."

சட்டையைப் பற்றித்தான் சொன்னார். நான் அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.