இரண்டு நட்சத்திரம் வைத்த சட்டை

நாமகிரிப்பேட்டை
ஜூலை 10

மதிப்பிற்குரிய பச்சமுத்து அண்ணனுக்கு,

குழந்தைவேலின் மனைவி உஷாராணி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் மகள் மோனிஷாவும் சுகமாக இருக்கிறோம். ஜபல்பூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் கூப்பிட்டது நான்தான். பெயரைச் சொன்னதுமே லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. உங்கள் பக்கம் மழையாக இருக்கும், சிக்னல் இருந்திருக்காது என்று வைத்துக்கொண்டேன். கடிதத்துக்கு சிக்னல் வேண்டியதில்லை பாருங்கள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம்பரும் விலாசமும் கொடுத்தவர் சுபேதார் குமாரசாமி. பட்டாளத்தில் உங்களையும் என் வீட்டுக்காரரையும் ஒன்றாக வைத்து மேய்த்தவர், அவரை மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார்.

புதுச்சத்திரம் பக்கம் ஹைவே ஓரத்தில் ஒரு சேகோ ஆலை ரொம்ப நாளாக மூடிக் கிடந்தது. முன்னாள் ராணுவத்தார் சங்கம் அதை இப்போது போர் நினைவு மியூசியம் ஆக்குகிறது. ஜவ்வரிசி காயப்போட்ட களத்தில் ஒரு பழைய ஜீப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே பர்மாச் சண்டைக்குப் போனவர்கள் வீட்டிலிருந்து வந்த இரும்புத் தொப்பி, வயர்லெஸ் பெட்டி, கம்பளி, பூட்ஸ், சாப்பாட்டுத் தட்டு என்று கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கின்றன. அந்தத் தட்டின் முன்னாலேயே நின்றுவிட்டேன். லீவில் வந்தால் இவர் அதே மாதிரித் தட்டில்தான் சாப்பிடுவார். வீட்டில் இத்தனை பாத்திரம் இருக்கிறதே என்று நான் சண்டை போடுவேன். இதில் தின்றால்தான் வயிறு ரொம்புது என்பார்.

கடைசி அறையில் ஒரு சுவர். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து போய்த் திரும்பி வராதவர்களின் படங்களை அங்கே மாட்டப்போகிறார்கள். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா. மியூசியத்தைக் கவனித்துக்கொள்ளும் தேவிப்ரியா என்ற பெண் வீட்டுக்கு வந்து நம் கூடத்துப் படத்தைக் கேட்டது. துடைத்து, பொட்டு வைத்து, மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் குமாரசாமி ஐயாவே படத்தோடு திரும்பி வந்தார். வந்தவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார், மஞ்சள் விலை விசாரித்தார், விஷயத்துக்கு வரவேயில்லை. பிறகு மெதுவாக, "அம்மணி, கோவிச்சுக்காதீங்க. மூஞ்சி நம்ம கொழந்தவேலுது. ஒடம்பு வேற யாருதோங்க" என்றார்.

நடந்தது இதுதான் அண்ணா. இவர் ஊருக்குள் யூனிபார்மே போட மாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கினால் வேட்டிதான். எங்களிடம் இருந்தது மாலையும் கழுத்துமாக எடுத்த கல்யாணப் படம் ஒன்றுதான். காரியம் முடிந்ததும் என் மாமனார் அதை ராசிபுரத்து ஸ்டுடியோவில் கொடுத்தார். செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டி, மூடின கண்ணைத் திறந்து படம் பண்ணிக் கொடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி அந்தக் கல்யாணப் படத்தையே கத்தரித்து, இவர் தலையை எடுத்து யாரோ ஒரு பட்டாளத்துக்காரரின் சட்டைமேல் வைத்துவிட்டார்கள். மிடுக்காக இருந்தது. பெரிய சட்டமாகப் போட்டு மாட்டினோம். இத்தனை வருஷம் தை அமாவாசைக்கு மாலை போட்டோம், படையல் வைத்தோம். இங்கே எவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்தத் தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்திருக்கிறது. லான்ஸ் நாயக்கை ஸ்டுடியோக்காரன் லெப்டினன்ட் ஆக்கிவிட்டான்.

கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இவர் இருந்திருந்தால், இனிமே பச்சமுத்து எனக்கு சல்யூட் அடிக்கோணும் என்று உங்களை ஒரு வழி பண்ணியிருப்பார். குமாரசாமி ஐயாவும் சிரித்தார். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருடைய நெஞ்சுக்கோ நான் சந்தனம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நானே நேரில் போய் அந்தப் பெண்ணைக் கேட்டேன். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள், இதையே மாட்டிவிடு சாமி என்றேன். அது கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து பார்க்குங்க அம்மா. நாங்க மாட்டறதத்தான் நெசம்னு நெனச்சுக்குங்க. பொய்யா ஒண்ணு மாட்டுனா மத்த படத்தையும் யாரும் நம்பமாட்டாங்க" என்றது. நியாயம்தான். பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்களாம், பதில் இல்லை. திறப்புக்குள் சரியான படம் கிடைக்காவிட்டால் இவர் இடத்தில் பெயர் மட்டும்தான். அத்தனை முகங்களுக்கு நடுவில் இவருக்கு மட்டும் வெறும் பலகை.

மோனிஷா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவர் போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போவாள். போனில் விவரம் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப அப்பா நெசமாவே எப்படிம்மா நிப்பாங்க?" என்று கேட்டாள். சின்ன வயசில் கிழங்கு மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றேன். அவள் அது வரைக்கும் அதைக் கேட்டதேயில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

அண்ணா, அவர் கடைசியாகப் பொங்கலுக்கு வந்தபோது ஒன்று சொன்னார். பச்சமுத்து கேமரா வாங்கியிருக்கறான், பனிக்குள்ள நிக்க வெச்சு என்னை எடுத்தான், ரோலு தீந்ததும் கழுவித் தாரேன்னான் என்றார். அந்தப் படம் உங்களிடம் இருக்குமா? மங்கியிருந்தாலும் பரவாயில்லை, கூட்டத்தோடு நின்றாலும் பரவாயில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நீங்கள் லீவில் உங்கள் ஊருக்கு ஆத்தூர் பஸ் ஏறாமல் இவரோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கி வைத்தேன். உங்கள் அம்மா கைச்சோறு காத்திருக்கும்போது இங்கே மூன்றாம் தடவை தட்டை நீட்டினீர்கள். ஆத்தூர்க்காரன் வாயைத் தொறந்தா பாதி மெட்ராசுப் பேச்சுங்க என்று இவர் உங்களைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். விடிந்து பார்த்தால் இருவரும் போர்வையை ஓரம் பிசகாமல் மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். போகும்போது என்னைத் தங்கச்சி என்றீர்கள். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அந்த வார்த்தையை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். சாவுக்கு வர முடியாது என்று தெரியும், சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்புறமாவது வருவீர்கள் என்று பார்த்தேன். நாலைந்து வருஷம் வாசலைப் பார்த்தேன்.

ஏன் வரவில்லை என்று குமாரசாமி ஐயாவைக் கேட்டேன். நான் வற்புறுத்தியதால்தான் சொன்னார், அவர்மேல் வருத்தப்படாதீர்கள். இவர் இறந்த அன்று, மலை மேலே இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டிய முறை உங்களுடையதாம். நீங்கள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்ததால் இவர் போனாராம்.

கேட்டதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அது பொய். உங்கள் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அது ஆறவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். காய்ச்சலோடு நீங்கள் போயிருந்தால் இந்தக் கடிதத்தை இன்றைக்கு அண்ணி இவருக்கு எழுதிக்கொண்டிருப்பார். இவரும் போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டுதான் இருப்பார். அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பார். நான் விட்டிருப்பேனா? திட்டி, சட்டையை மாட்டிவிட்டு, சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பியிருப்பேன். இவருக்குச் சொல்லியிருக்கக்கூடியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

படம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். தொலைந்திருந்தாலும் சரி, பார்க்கத் தாங்காமல் கிழித்திருந்தாலும் சரி, வெறுங்கையோடு வாருங்கள். பலகையில் பெயர் மட்டும் இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பலகைக்கு முன்னால் அவரோடு கூடவே இருந்த ஒருவர் நின்று என் மகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அண்ணியையும் கூட்டி வாருங்கள். வண்டி அனுப்பச் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

அவருக்குக் கிடைக்காத வயசெல்லாம் உங்களுக்குக் கிடைக்கட்டும். நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், அண்ணா. அதை என் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும். வாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
உஷாராணி