மணல் சட்டி கேக்

தணலைத் தள்ளி மூடியைத் திறந்த ஞானகுமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. யுத்தத்தில் மைதா ஏது? ஆப்பத்துக்கு ஊற்றுகிற கள்ளை விட்டுக் கரைத்த கேழ்வரகு மாவு, மணல் சட்டிக்குள் கேக்காக உப்பி நின்றது! கிறிஸ்துமஸ் பூசைக்கு மணி அடித்துவிட்டது. ஆவடி ராணுவ டிப்போவில் ராவேலை முடிந்து வரும் புருஷன் எட்மண்டுக்கு, நேற்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கினாள்:

"இன்னாங்க, கேக்கு பொங்கிடுச்சு! கல்லுதான் வரும்னீங்களே, வந்து பாருங்க! மணல் இன்னும் சுடுது, கை வைக்காதீங்க. உங்க தங்கச்சி ஹில்டா வந்தா, நான் வர்ற வரைக்கும் அறுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. ஓரத்துல கொஞ்சம் பிட்டிருக்கும். எலி இல்ல, நான்தான்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். ஒரு மாதமாக டீயைக் குடித்ததும் அவன் முகம் சுளிப்பான், நேற்றோ, "ரேஷன் சர்க்கரைய உங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டியா?" என்று கத்திவிட்டுப் போயிருந்தான். தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

"எங்கம்மா ஊட்டுக்கு ஒரு சிட்டிகைகூடப் போகல. உங்க டீயில கொறஞ்ச சர்க்கரை பூரா இந்தக் கேக்குலதான் கீது. நீங்க மட்டும் எனக்காகக் காத்திருக்க வேணாம், மொதத் துண்டை அறுத்துத் தின்னுங்க. அப்புறம் கத்துங்க."