காலை ஒன்பது மணி இரவு

நவம்பர் 2006, செவ்வாய், பான் நகரம், ஜேர்மனி

நான்கு தந்தி வாத்தியங்களுக்கு நான் எழுதிய 'இரவு' வெள்ளிக்கிழமை மேடையேறுகிறது. ஒத்திகைப் பதிவை இன்று காலை இவருக்குப் போட்டுக் காட்டினேன். பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது உம்மட இரவு. நான் வீட்டில இல்லாத இரவு."

"அப்ப உங்கட இரவு எப்பிடி?"

"வந்து படுத்துப் பாருமன்."

யன்னல் சட்டரை இறக்கிவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். காலை ஒன்பது மணி. சட்டரின் ஓட்டைகளால் வந்த வெளிச்சம் சுவரில் புள்ளி புள்ளியாக நின்றது. தெருவில் தபால்காரரின் சைக்கிள் போனது. இவருடைய மூச்சு ஆழமானது. புள்ளிகள் மெல்ல மெல்ல நகர்ந்து இவர் தோளில் இறங்கின.

மத்தியானம் எழுந்து எல்லாவற்றையும் மாற்றினேன். வயலின்களின் நீண்ட சுரங்களை எடுத்துவிட்டு, விரலால் சுண்டும் சிறு ஒலிகளை அங்கங்கே வைத்தேன். அடியில் செல்லோ மட்டும் மூச்சு விடுகிறது. மூன்று நாளில் எப்படிப் பழகுவது என்று வாசிப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

இப்போது இவர் பாண் அடுப்புக்கு முன்னால் நிற்பார். எனக்கு நித்திரை வரவில்லை. பரவாயில்லை, காலையில் இவர் வந்ததும் சட்டரை இறக்கலாம்.