எல்லா இயந்திரங்களையும் நிறுத்துக

ஜூன் 3

ஒருவழியாகச் சுரங்க வாசலில் தடை ஆணையை ஒட்டிவிட்டேன். ஆய்வுக்கு வந்து மூன்று தடவை எச்சரித்தும் சுரங்கக்காரர்கள் ஓடைக்கு மேலே இருக்கிற சரிவை மொட்டையடித்துக்கொண்டே போனால் வேறென்ன செய்வது? மண் அரித்துப் போகாமல் வேலி கட்டு, வாய்க்கால் வெட்டு, அப்புறம் தோண்டு. இவ்வளவுதானே விதி! சுரங்க மேனேஜர் முகம் சுளிக்கவே இல்லை. “தாராளமா ஒட்டுங்க மேடம்” என்று பசை டப்பாவைக்கூடப் பிடித்துக்கொண்டார். அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 6

வானம் இருண்டு கிடக்கிறது. அடிவாரத்துக் குட்டையின் கரை விரிசல் விட்டிருக்கிறது. சரிவிலிருந்து இறங்கும் சேற்றுத் தண்ணீர் தேங்கித் தெளிவது அந்தக் குட்டையில்தான். உடைந்தால் அத்தனை சேறும் ஓடைக்குள். கீழே ஒரு ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

உடனே விரிசலை அடைக்கச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். “எந்த மிஷினும் ஓடக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் ஒட்டியிருக்கீங்க?”

போய்ப் படித்துப் பார்த்தேன். ‘எல்லா இயந்திரங்களையும் நிறுத்துக.’ கரை வேலை நீங்கலாக என்று சேர்த்திருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் இப்படித்தான் — என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

திருத்த எங்கள் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பார்க்கலாம்’. ஃபோனில் கேட்டதற்கும் அதையேதான் சொன்னார்.

ஜூன் 7

மழை. வீட்டுக்காரர், “ஊர் மண்ணுக்கெல்லாம் நீதான் காவலா?” என்றார். ஆமாம், அதற்குத்தான் சம்பளம் என்றேன்.

ஜூன் 8

பொறுக்க முடியவில்லை. விடிந்ததும் சுரங்கத்துப் பொக்லைன் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். தயங்கினார். “என் லைசென்ஸ் போயிடாதே மேடம்?”

“நான் இருக்கேண்ணே. ஓட்டுங்க.”

மண்ணைக் கொட்டி, அடித்து இறுக்கி, ஒரு மூச்சில் முடித்தார். கரை நின்றது! தொப்பலாக நனைந்தபடி இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

ஜூன் 10

மேனேஜர் அதை வீடியோ எடுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார், மகராசன். தடையை மீறி வண்டி ஓட்டிய குற்றம்.

ஓட்டச் சொன்னது நான் என்றேன். “இருக்கட்டும்மா, ஓட்டினது அவன்தானே? உன்னோட சேர்ந்து அவனும் போவான்” என்றார் ‘பார்க்கலாம்’. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். “ஏழாம் தேதியே தடையை நீக்கிட்டதா கையெழுத்துப் போடு, கீழே நானும் போடறேன். ஓட்டினது தப்பே இல்லைன்னு ஆயிடும்.”

தடை போனால் சரிவையும் வெட்டுவார்களே, கரை வேலைக்கு மட்டும் திருத்தினால் போதாதா என்றேன்.

“திருத்தினா மேலே ஆயிரம் கேள்வி கேப்பாங்க. புதுசா மூணு எச்சரிக்கை கொடு. அப்புறம் தடை போடு.”

மூன்றாவது எச்சரிக்கை வரைக்கும் அந்தச் சரிவு இருக்குமா?

ஜூன் 11

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். என் வேலை போனால் போகட்டும், சனியன். அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்? நான் இருக்கேன்னு சொன்னேனே. சொன்னேனே!

ஜூன் 12

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 14

முதல் எச்சரிக்கை கொடுக்கச் சுரங்கத்துக்குப் போனேன். வேலியும் இல்லை, வாய்க்காலும் இல்லை. சரிவின் உச்சியில் பொக்லைன் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நம் ஆபரேட்டர். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வண்டியை நிறுத்தாமலே கையை உயர்த்தி ஆட்டினார்.

நானும் ஆட்டினேன்.